குண்டனுக்கு ஒரு பை

பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் கொதிக்கிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா பேண்டில் ஊதிய யூஃபோனியத்தை, நம் பித்தளைக் குண்டனை, அனுப்பு என்று கேட்டேன். நீ தையல் மிஷின் பெட்டிக்குள் அதைப் படுக்கவைத்து, மேலே பழைய போர்வையைத் திணித்து, வெளியே ‘தையல் மிஷின், கவனம்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். பார்சல்காரர் விடுதி வாசலில் இறக்கியபோது நான் ஆபீசில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் என் அறை வாசலில் ஒரு கூட்டம். ஓரம் பிரிந்த சட்டை, ஜிப் போன பேன்ட், கிழிந்த தலையணை உறை என்று ஆளுக்கு ஒன்று கையில். வார்டன் அம்மா ஜன்னல் பக்கம் மேசையையே இழுத்துப் போட்டுவிட்டார். “வெளிச்சம் நல்லா வரும்மா. என்னோடத முதல்ல பாத்துரு” என்கிறார்.

எனக்கு நாலு பேர் ஒன்றாகப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அதனால் பெட்டியையே திறந்து காட்டினேன். பக்கத்துக் கட்டில் நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன, குழாய் ரிப்பேரும் பண்ணுவியா?” என்று கேட்டாள்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் குண்டனின் அடி வளைவு நசுங்கிச் சொட்டை விழுந்திருக்கிறது. இரண்டாவது வால்வு அழுத்தினால் எழுந்து வரவில்லை. பெட்டி அவனைவிடப் பெரிது. வழியெல்லாம் உள்ளே உருண்டிருக்கிறான். வால்வை எண்ணெய் போட்டுச் சரிசெய்துவிட்டேன். சொட்டை அப்படியே இருக்கிறது.

இனி அவனுக்கென்று ஒரு நல்ல பை வாங்கப் போகிறேன். காரணம் இருக்கிறது. முன்பல் போய் அப்பா ஊதுவதை நிறுத்திய பிறகு நீ கூலிக்கு வைத்த ஆளும் போய்விட்டாராமே. அப்பா போனில் சொன்னார். அந்த இடத்தை எனக்குக் கொடு. கல்லூரி பேண்டில் மூன்று வருஷம் இதைத்தான் ஊதினேன். குண்டன் வந்ததிலிருந்து விடுதி மொட்டைமாடியில் தினமும் ஊதுகிறேன். நம் பேண்டு வரிசையில் நிற்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

தங்கை

---

பிப்ரவரி 19

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தலையணை உறை வந்த இடத்தில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நேரில் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பவளுக்குக் காகிதம் கிடைத்தால் மட்டும் வாய் காது வரைக்கும் நீளுகிறது.

ஏன் அந்தப் பெட்டி என்று கேட்பாய். பார்சல் ஆபீசில் சீட்டு எழுதுகிறவன் ஊருக்கே ஒலிபெருக்கி. யூஃபோனியம் என்று எழுதியிருந்தால், “தங்கச்சி பட்டம் வாங்கினது ஊதறதுக்கா?” என்று கேட்டிருப்பான். கேட்க வைக்க எனக்கு மனசில்லை.

நாங்கள் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்கும் வார்த்தை, “பேண்டுக்காரங்க அந்தப் பக்கமா நில்லுங்க.” அந்தப் பக்கம் என்பது செருப்பு கழற்றும் இடமாக இருக்கும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் புகை அடிக்கும் இடமாக இருக்கும். நம் குடும்பத்தில் அந்தப் பக்கம் நிற்காமல் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நீ. இப்போது நாற்காலியை விட்டு எழுந்து எங்கள் பக்கம் வருகிறேன் என்கிறாய். உன்னைப் படிக்க வைத்த எங்களைப் பார்த்தால் பைத்தியக்காரர்கள் மாதிரி இருக்கிறதா?

சரி, பேச்சுக்கு உன்னைச் சேர்த்தேன் என்றே வை. நம் பேண்டின் சட்டம் உனக்குத் தெரியும். அவரவர் வாத்தியம் அவரவர் தோளில். வழியில் இன்னொரு கை தொட்டுத் தூக்கினால் அன்றைக்கு வரிசையில் இடமில்லை. கை மாறினால் சொட்டைக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும் என்பதற்காக அப்பா வைத்த சட்டம். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த அன்றும் அவர் குண்டனை யாரிடமும் கொடுக்கவில்லை. நீ அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். உன் எடை என்ன, அவன் எடை என்ன?

ஏப்ரல் கடைசி ஞாயிறு ஒரு துணிக்கடைத் திறப்பு இருக்கிறது. முடிந்தால் பை வாங்கு, தூக்கு, புதுச் சொட்டை இல்லாமல் வந்து சேர். பிறகு பேசலாம். முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

அண்ணன்

---

மார்ச் 3

அண்ணனுக்கு,

முடியாது என்று சொன்னதற்கு நன்றி. அதை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டுதான் கடை கடையாக ஏறினேன்.

முதலில் வாத்தியக் கடை. குண்டனைப் போர்வையில் மூட்டை கட்டி எடுத்துப்போனேன். நான் உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் எனக்குப் பின்னால் வருகிறவரைத் தேடினார். யாரும் வரவில்லை.

“என்னம்மா, தம்பிக்கா?”

“எனக்கு.”

“ஃப்ளூட்டா?”

மூட்டையை அவிழ்த்தேன். அதற்குப் பிறகும் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார்.

முதலில் கெட்டிப் பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே வெல்வெட், வெளியே பித்தளைக் கொக்கி. பார்க்க ராஜா வீட்டுப் பெட்டி. காலியாகத் தூக்கியபோதே குண்டனுக்கு அண்ணன் போல இருந்தது. ஒரே ஒரு கைப்பிடி. தோளில் மாட்ட வழியில்லை. பஸ் படியில் ஒன்று நான் ஏறலாம், இல்லாவிட்டால் அது ஏறலாம்.

அடுத்தது மெல்லிய பை. “யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாதும்மா” என்றார். உள்ளே கைவிட்டு விரலால் அழுத்தினேன். வெளியே என் நகத்தின் வடிவம் தெரிந்தது. யானை வேண்டாம், எங்கள் வார்டன் போதும் என்று சொல்லத் தோன்றியது.

மூன்றாவது பார்க்க நன்றாக இருந்தது. ஸ்பாஞ்சு தடிமன், ஜிப் பெரிய பல். ஆனால் தோள்வாரின் அடியைப் புரட்டிப் பார்த்தேன். வார் பையின் ஓரத் தையலுக்குள் நுழைந்து அங்கேயே முடிந்துவிட்டது. அடியைச் சுற்றி வரவில்லை. குண்டனின் மொத்தக் கனத்தையும் நாலு வரி நூல் தாங்க வேண்டும். பிடித்து இழுத்தேன். தையல் முனகியது. “வாங்குற மாதிரி பாரும்மா, பிரிக்கிற மாதிரி பாக்காத” என்று பையை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

மைதானத்துக்கு எதிரே விளையாட்டுக்காரர்களுக்குப் பை தைக்கும் கடை இருக்கிறது. தைப்பவர் ஒரு அக்கா. பேசும்போதும் உதட்டில் குண்டூசி இருக்கும். குண்டனை மேசையில் படுக்கவைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இத ஏன் இப்படியே ஊருக்குக் காட்டணும்? சதுரமா ஒரு பெட்டி மாதிரி தெச்சுத் தரேன். உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பொம்பளப் புள்ள கையில பாக்கவும் மரியாதையா இருக்கும்.”

எனக்கு உன் தையல் மிஷின் பெட்டி நினைவுக்கு வந்தது. ஒளித்துவைக்கிற பை உள்ளே இருப்பதைவிடப் பெரிதாகத்தான் இருந்தாக வேண்டும். மிச்சமாகிற அந்த இடத்தில் உருண்டுதான் சொட்டை விழுகிறது. அவன் உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற பை அவன் உருவத்தைக் காட்டத்தான் செய்யும். வேறு வழி இல்லை, அண்ணா. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

“அவன் உருவத்துலயே தைங்கக்கா.”

“தெருவே பாக்கும்.”

“பாக்கட்டும்.”

பக்கத்தில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

கூடாரத்துக்குப் போடுகிற கெட்டித் துணி. கறுப்பும் ஆரஞ்சும் இருந்தன. ஆரஞ்சு சொல்லிவிட்டேன்.

தங்கை

---

மார்ச் 14

தங்கச்சிக்கு,

ஆரஞ்சு. நல்லது. தொலைந்துபோனால் ஆகாயத்திலிருந்து கண்டுபிடிக்கலாம்.

அப்பா உன் பைக்கு அளவு என்று செய்தித்தாளை வெட்டிக் குண்டனின் உருவம் செய்ய உட்கார்ந்திருக்கிறார். அன்றைய பேப்பரை நான் இன்னும் படிக்கவில்லை. வால்வு முதுகைப் பார்க்கக் கூடாது, அகன்ற வாய் மேலே இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அவர் உன் கட்சி. அது எப்போதும் அப்படித்தான்.

என் கட்சியை நான்தான் பேச வேண்டும். பை பையென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாய். பை கிடைத்துவிட்டால் ஆயிற்றா? நீ ஆசைக்கு ஊதுகிறாய், நாங்கள் சோற்றுக்கு ஊதுகிறோம். துணிக்கடைத் திறப்புக்கு வருவாய்; ரிப்பன், இனிப்பு, கைத்தட்டு. மறுநாள் சாவு வீட்டுக்கு மழையில் நடக்க வேண்டும் என்றால் உனக்கு ஆபீஸ் இருக்கும். வரிசையில் ஒரு இடம் என்பது பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடிக்கிற இடமில்லை. நடுவில் ஒரு ஆள் இல்லையென்றால் பின்னால் வருகிறவனுக்குக் கால் தப்பும். டிரம்காரர் மாமா நேற்றே கேட்டார். “மருமக வருதாமே, விருந்துக்கா வேலைக்கா?” பதில் உனக்குத் தெரியுமா?

அண்ணன்

---

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

வேலைக்கு. மாமாவிடம் சொல்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. அதனால் இரண்டு நாள் கோபப்பட்டுவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். ஞாயிறும் விடுமுறை நாளும் எது வந்தாலும் என்னைப் போடு. சாவு வீடு, மழை, புழுதி ரோடு எல்லாவற்றுக்கும் போடு. இனிப்பு கொடுக்கிற இடத்துக்கு மட்டும் கூப்பிட்டால் நான் வர மாட்டேன். வேலை நாட்களுக்கு நீ வேறு ஆள் வைத்துக்கொள். அவருக்கும் எனக்கும் சண்டை வராது.

பை வந்தது. முதல் தடவை தப்பாக வந்தது. தையல் அக்கா தோள்வாரைக் கீழே தைத்துவிட்டார். முதுகில் மாட்டியதும் கனம் எல்லாம் மேலே போய் என்னைப் பின்னால் சாய்த்தது. வால்வு மூன்றும் முதுகெலும்பில் எண்ணி எண்ணிக் குத்தின. சொன்னேன். “நீ ஒல்லியா இருக்க, அதான்” என்றார். அவரையே மாட்டிக்கொண்டு கடை வாசல் வரை நடக்கச் சொன்னேன். திரும்பி வந்து தையலைப் பிரித்தார். இப்போது வார் அடியைச் சுற்றி ஒரே பட்டையாக ஓடுகிறது. முனைகளில் சதுரமாகப் பெட்டித் தையல் போட்டுக் குறுக்கே இரண்டு கோடு. வாய் மேலே, வால்வு வெளிப்பக்கம். அடியில் பழைய டயர் ரப்பரைத் தைத்திருக்கிறார். வாய் வைத்து ஊதும் மவுத்பீசுக்குத் தனிப் பை. அப்பாவிடம் சொல், அவர் எழுதச் சொன்ன இரண்டும் சரி.

கனம் பழக வேண்டும் என்று தினமும் குண்டனோடுதான் ஆபீஸ் போகிறேன். முதல் நாள் எங்கள் குடிநீர் வாரிய ஆபீஸ் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“சாமான் எல்லாம் பின் கேட்டும்மா.”

“இது என் பை.”

“இது பையா? உள்ள என்ன?”

“யூஃபோனியம்.”

“அப்ப பின் கேட்டு.”

பின் வாசல் என்பது உடைந்த மீட்டர்களைக் குவித்துவைக்கிற இடம். நீ எழுதிய ‘அந்தப் பக்கம்’ அதுதான். எனக்குக் காது சுட்டது. எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வாதாடவில்லை, வராது. நகராமல் நின்றேன். பையையும் இறக்கவில்லை. அடையாள அட்டையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் எங்கள் பிரிவு அதிகாரி வந்தார். என்ன என்று கேட்டார். காவலாளி சொன்னார். அதிகாரி பையைப் பார்த்தார்.

“நாளைக்கும் கொண்டுவருவீங்களா?”

“ஆமா சார்.”

“அப்ப தினம் இங்க கூட்டம் போட முடியாது. உள்ள விடுப்பா.”

முன் வாசல் வழியாக உள்ளே போனோம், நானும் அவனும். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் நாற்காலியில் உட்கார்ந்தபோது, நீ எழுதிய மாதிரி அதை விட்டு எழுந்து உங்கள் பக்கம் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. குண்டன் பக்கத்தில்தான் இருந்தான்.

தங்கை

---

ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

கடைசி ஞாயிறு, காலை ஒன்பது. மணிக்கூண்டு பக்கத்தில் கூடுகிறோம். இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர் எல்லாவற்றையும் கூரை மேல் போடச் சொல்வான். அவன் கை படும். அப்புறம் என்மேல் வருத்தப்படாதே.

முதல் பாட்டு நடந்துகொண்டே ஊதும் நடைப் பாட்டு. நீ அறிந்ததுதான். இரண்டாவதை அப்பா தன் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறார்.

கடை முதலாளி கொஞ்சம் ஒரு மாதிரி ஆள். அதையும் சொல்லிவைக்கிறேன்.

அண்ணன்

---

ஏப்ரல் 30

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு பேசாமலே வண்டியில் ஏறிவிட்டாய். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

கண்டக்டர் நீ சொன்னபடியே கேட்டார். நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். “மடியில வைக்க இது என்ன கைக்குழந்தையா? மேல போடு, இல்ல இறங்கு.” இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள்காரர் ஒருவர் பின்சீட்டில் பையை வைக்கச் சொன்னார். நல்ல மனிதர். வேண்டாம் என்றேன். என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வரும். வந்து சேர்ந்து ஜிப்பைத் திறந்தபோது குண்டன் காய்ந்த சருகு மாதிரி இருந்தான். நீ வாங்கித் தடவிப் பார்த்தாய். அடியில் பழைய சொட்டை, உன் பெட்டி போட்டது. புதிதாக ஒன்றும் இல்லை. நீயே பார்த்தாய்.

அப்போதுதான் முதலாளி வந்து உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ திரும்பி வந்து, “நீ உள்ள போய் ஒலிபெருக்கிக்குப் பின்னால உக்காந்து ஊது. சத்தம் நல்லா வரும்” என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தது. போய்ப் பார்த்தேன். முன்னால் துணி கட்டியிருந்தது. யார் ஊதுகிறார்கள் என்று தெரியாத மாதிரி.

இத்தனை தூரம் அவன் உருவத்தோடு அவனைத் தூக்கி வந்துவிட்டு, நான் துணிக்குப் பின்னால் உட்கார வேண்டுமா? வெளியே வந்தேன். வரிசை புறப்படத் தயாராக நின்றது. எனக்கு யாரும் இடம் விடவில்லை. யாரையும் நான் கேட்கவும் இல்லை. மாமாவின் டிரம்முக்கு முன்னால் அப்பா நிற்கிற இடம் காலியாக இருந்தது. போய் நின்றேன். மாமா குனிந்து, “ஏம்மா, அண்ணன் திட்டுவானே” என்றார். “திட்டட்டும் மாமா, நீங்க அடிங்க” என்றேன். அடித்தார்.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நிற்கிறவன் திரும்பக் கூடாதுதான். ஆனால் பாட்டின் மூன்றாவது அடியில் என் கீழ்ச்சுரம் வந்தபோது உன் இடது தோள் இறங்கியது. அப்பா ஊதும்போது மட்டும்தான் உனக்கு அப்படி இறங்கும். இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அடியில் கனம் இருக்கிறது என்று தெரிந்ததும் நீ மேல்சுரத்தைத் தைரியமாக ஊதினாய். தெரு முழுக்க நின்று கேட்டது. ஜெனரேட்டர்காரர்கூட மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

நீ என்மேல் கோபப்படு. ஆனால் தெளிவாகச் சொல். வரிசையில் எனக்கு இடம் உண்டா, இல்லையா? ‘பிறகு பேசலாம்’ வேண்டாம். உள்ளே நாற்காலி வேண்டாம். இல்லை என்றால், இந்த ஊரிலேயே ஒரு பேண்டு இருக்கிறது. அங்கே போய்க் கேட்பேன். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். கேட்பேன்.

தங்கை

---

மே 9

தங்கச்சிக்கு,

திருத்துவதற்கு ஒன்றுதான் இருக்கிறது. என் தோள் இறங்கியது நாலாவது அடியில்.

முதலாளி அன்றைக்கு என்னிடம், “பொம்பள புள்ளய தெருவுல நிக்க வெச்சா கடை பேரு என்ன ஆகும்?” என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து உன்னிடம் நாற்காலியைச் சொன்னேன். செருப்புப் பக்கம் நிற்கச் சொன்னால் நான் நிற்பேன். உன்னைத் துணிக்குப் பின்னால் உட்காரச் சொல்லும்போதும் அதே வாயால்தான் சொன்னேன். வண்டியில் ஏறியது உன்மேல் கோபத்தில் இல்லை.

புதன்கிழமை அவரே கூப்பிட்டார். வீட்டில் ஏதோ விசேஷமாம், பேண்டு வேண்டுமாம். “அந்தப் பொண்ணு இல்லாம வாங்க” என்றார். “அது எங்க அடிச்சுரம். அது இல்லாம நாங்க இல்ல” என்றேன். அப்படியானால் வேண்டாம் என்றார். சரி என்று வைத்துவிட்டேன். மாமா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “நல்ல கிராக்கி போச்சே” என்றார். அப்புறம், “போகட்டும், அவன் தலையில ரிப்பன் வெட்டுற கத்திரி விழ” என்றார்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மாமா சொல்லிவிட்டார். மறுநாள் காலை அப்பா பேப்பரை வெட்டாமல் முழுசாக எனக்குத்தான் முதலில் கொடுத்தார்.

டிராம்போன்காரர் உன் பை எங்கே தைத்தது என்று கேட்கிறார். ஆரஞ்சு வேண்டாமாம், மற்றதெல்லாம் அதே மாதிரி.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு ஒரு ஊர்வலம். நீண்ட தூரம், நிழலே இல்லை, இனிப்பும் இல்லை. வரிசைக்குப் புதுச் சட்டை தைக்கிறோம். தையல்காரர் உன் அளவு கேட்கிறார். பெண்களுக்குத் தைத்ததில்லை, எப்படித் தைப்பது என்று முழிக்கிறார். எழுதி அனுப்பு.

அண்ணன்

---

மே 13

அண்ணனுக்கு,

அளவு நர்ஸ் எடுத்தாள். கீழே எழுதியிருக்கிறேன். தோள் அகலம் கல்லூரிச் சட்டையைவிடக் கூடியிருக்கிறது. அளவு தப்பு என்று தையல்காரர் நினைத்துக் குறைத்துவிடப் போகிறார். குறைக்க வேண்டாம்.

பெண் சட்டை என்று இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டாம் என்று சொல். காலரில் பூ, கையில் சுருக்கம் எதுவும் வேண்டாம். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே. விலா ஓரம் மட்டும் கொஞ்சம் தாராளமாக விடச் சொல். நான் மூச்சு இழுத்தால் அங்கேதான் விரியும்.

தங்கை